எம்ஜிபி வி8: முன்பக்கம் கனம் என்பது தவறு

"எம்ஜிபி ஜிடி-யில் வி8 வாங்காதீர்கள், எட்டு சிலிண்டர் எடையில் மூக்கு கனத்து வளைவில் திரும்பாது" என்று பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி பற்றிச் சிலர் சொல்வது சரியல்ல. அது அதன் உடன்பிறப்பான எம்ஜிசி-யின் கதை.

1967 முதல் 1969 வரை வந்த எம்ஜிசி-யில் இருந்தது 2912 சிசி, ஆறு சிலிண்டர் இரும்பு எஞ்சின். எம்ஜிபி-யின் வழக்கமான நான்கு சிலிண்டர் எஞ்சினைவிட ஏறக்குறைய 90 கிலோ கூடுதல். அதை உள்ளே நுழைக்க முன்பக்க சஸ்பென்ஷனையே மாற்றி டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டு) வைத்தார்கள். பானட்டைப் பார்த்தாலே தெரியும்: நடுவில் பெரிய புடைப்பு, பக்கத்தில் கார்புரேட்டருக்காக (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) கண்ணீர்த் துளி போல ஒரு சின்னப் புடைப்பு.

1973-இல் வந்த வி8 வேறு. 3528 சிசி ரோவர் எஞ்சின், பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். மூலம் அமெரிக்க பியூக் நிறுவனத்தின் எஞ்சின். எடையில் 1798 சிசி நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இரண்டு கார்புரேட்டர்களையும் எஞ்சினுக்குப் பின்னால் தள்ளி வைத்ததால் பானட்டில் புடைப்பே தேவைப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது!

சரி, குதிரைத்திறன்? எம்ஜிசி 145, வி8 137. இதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இழுவிசை வி8-இல்தான் அதிகம், அதுவும் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும்.

அப்புறம், தொழிற்சாலையில் செய்த வி8 மொத்தம் 2591தான், எல்லாமே கூரை வைத்த ஜிடி. திறந்த கூரை வி8-ஐ 'ஒரிஜினல்' என்று விற்க வந்தால் அது பின்னாளில் எஞ்சின் மாற்றியது.