நெம்பாதீங்க, முதல்ல எந்த லாக்குன்னு பாருங்க

"பைக் சைடு பேனல் வரலைன்னா ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்புங்க, எல்லாம் கிளிப்தான்"னு மேல ஒருத்தர் சொல்லியிருக்கார். தப்புங்க. பல பைக்ல சீட்டுக்கு அடியில ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும். அதைக் கழட்டாம நெம்பினா பேனலோட காதுதான் (ஸ்க்ரூ மாட்டுற நீட்டல்) உடையும், நானும் உடைச்சவன்தான்.

நடுவுல இருக்கிற பின் (சின்னக் குச்சி) தலையோட மட்டமா இருக்கிற பிளாஸ்டிக் ரிவெட்டை இழுக்கவே கூடாது. பின்னை லேசா உள்ளே அழுத்துங்க, 'டக்'னு பிடி விட்டதும் ரிவெட் முழுசா வந்துரும். திரும்ப மாட்டும்போது பின்னைப் பின்பக்கமிருந்து தள்ளி வெளியே நீட்டிவச்சு, துளையில செருகி, மட்டமா அழுத்தணும்.

பேனல் பின்னாடி இருக்கிற, ரப்பர் வளையத்துல செருகின முளையை மட்டும்தான் இழுக்கலாம், அதுவும் முளைக்குப் பக்கத்துல பிடிச்சு நேரா. இறுக்கமா இருந்தா சோப்புத் தண்ணி தடவுங்க. சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிரலாம்.