பூனைக்கு மீன் எண்ணெய் வாங்குறதுக்கு முன்னாடி

எங்க ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பூனை வளர்க்குறவங்க யார்கிட்ட கேட்டாலும் இப்ப ஒரே வைத்தியம்தான். முடி கொட்டுதா, பளபளப்பு போச்சா, நாள் பூரா சொறிஞ்சுக்கிட்டே இருக்கா, "மீன் எண்ணெய் குடுங்க, சரியாயிடும்." மண்டபத்துலயும் இதான், கீழக்கரையிலயும் இதான், தொண்டியிலயும் இதான். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. எண்ணெய் கெட்டதுன்னு சொல்ல வரல. என்ன காரணம்னு தெரிஞ்சு, அளவு தெரிஞ்சு குடுத்தா அது நல்ல துணை மருந்து. ஆனா காலையில சூடை, ராத்திரி சாளைன்னு தின்னுக்கிட்டுத் திரியுற கடற்கரைப் பூனைக்கு முடி மங்குதுன்னா, அதுக்கு மீன் எண்ணெய் பத்தாமப் போச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்?

உண்மையில நம்ம ஊர்ப் பூனைங்க பலதுக்குப் பிரச்சனையே மீன் மட்டும் தின்னுறதுதான். சாளை, சூடை மாதிரி எண்ணெய்ச் சத்து நிறைஞ்ச மீனை மட்டுமே மாசக்கணக்குல போட்டுக்கிட்டு இருந்தா, அந்தக் கொழுப்பு கெடாமக் காக்கவே உடம்புல இருக்குற வைட்டமின் ஈ கரைஞ்சு போகும். அப்புறம் தோலுக்கு அடியில இருக்குற கொழுப்பு வீங்கிக் கட்டி கட்டியா ஆகும். முதுகுல கை வச்சாலே பூனை கத்தும், காய்ச்சல் அடிக்கும், சாப்பாட்டுப் பக்கமே போகாது. இந்த நோயை மருத்துவர்கள் 1950கள்லயே, டூனா மட்டும் போட்டு வளர்த்த பூனைகள்ல பார்த்து எழுதி வச்சிருக்காங்க. இப்படி ஒரு பூனைக்கு மேல மேல மீன் எண்ணெய் ஊத்துனா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. பச்சை மீன்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. சாளை, நெத்திலி வகையில வைட்டமின் பி1-ஐ அழிக்கிற ஒரு நொதி உண்டு. வேக வச்சா அது போயிடும். அதனால மீனைக் கொஞ்சம் அவிச்சே போடுங்க. உப்பு, புளி, மிளகாய் எதுவும் வேண்டாம்.

சொறியுற பூனைக்கு எண்ணெய் தேடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை செய்யுங்க. காசு செலவே இல்ல. வாலு ஆரம்பிக்கிற இடத்துல, முதுகு முடியைப் பின்பக்கமா தள்ளிப் பாருங்க. மிளகுத்தூள் மாதிரி கருப்புக் கருப்பா ஏதாவது இருந்தா, அதை நெருக்கப் பல்லு சீப்பால வாரி எடுத்து, நனைச்ச வெள்ளைத் துணியில போடுங்க. கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் செம்பழுப்பா நிறம் கசியும். மண்ணா இருந்தா அப்படிக் கசியாது. அப்படிக் கசியுறது தெள்ளுப்பூச்சி உறிஞ்சின ரத்தம், அதோட கழிவா வெளிய வந்தது. சில பூனைக்கு ஒண்ணு ரெண்டு கடியே ஒவ்வாமையைக் கிளப்பி விட்டுடும். கழுத்துலயும் முதுகுலயும் கம்பு தானியம் அளவுக்குச் சின்னச் சின்னப் பொருக்கா தட்டுப்படும். வீட்டு ஓரத்துல கிடக்குற வலைக் குவியல்லதான் நம்ம பூனைங்க தூங்குது. பூனை மேல இடுற தெள்ளு முட்டை அங்கதான் உதிரும், அங்கதான் பொரியும். அந்த இடத்தைச் சுத்தம் பண்ணாம பூனைக்கு மட்டும் மாத்திரை குடுத்தா தெள்ளு திரும்பி வந்துக்கிட்டேதான் இருக்கும்.

தெள்ளுக்குன்னு கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில குழைச்சுத் தேய்க்குறவங்க தயவு செஞ்சு நிறுத்துங்க. கற்பூரம் பூனைக்கு விஷம். பூனை தன் உடம்புல தடவுன எல்லாத்தையும் நக்கி உள்ள தள்ளிடும். நம்ம ஈரல் கழிச்சு வெளியேத்துற பல பொருளைப் பூனையோட ஈரலால அப்படிக் கழிக்க முடியாது. டீ ட்ரீ ஆயில் மாதிரி வாசனை எண்ணெய்ங்களும் அதே ஆபத்துதான். நாய்க்குக் கழுத்துல விடுற சொட்டு மருந்துல பெர்மெத்ரின் இருந்தா அதைப் பூனை பக்கமே கொண்டு போகக் கூடாது. உதறல், வலிப்பு வந்து செத்தே போகும்.

வட்டமா முடி கொட்டியிருந்தா அது படர்தாமரையா இருக்கலாம். அது பிள்ளைங்களுக்கும் ஒட்டும். எண்ணெய் தேய்ச்சு விடுற கையாலயே வீடு பூராவும் பரவிடும்.

வெள்ளைப் பூனை வச்சிருக்குறவங்க இதைக் கவனமாப் படிங்க. பாம்பன்ல ஒரு வீட்டு வெள்ளைப் பூனையோட காதை நான் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். காது விளிம்புல முடி மெலிஞ்சு, தோல் ரோஸ் நிறத்துல தெரிஞ்சது. ஒரு பக்கம் மட்டும் அப்பளம் மாதிரி காய்ஞ்ச பொருக்கு. தோல் வறட்சின்னு நினைச்சு அந்த வீட்டம்மா தெனமும் எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அது வறட்சி இல்ல, வெயில் சுட்ட புண். வெள்ளை முடிக்கு அடியில வெயிலைத் தடுக்குற நிறமி கிடையாது. மண்ணுலயும் கடல்லயும் பட்டுத் தெறிக்குற வெயில் வேற. இந்தப் புண்ணை அப்படியே விட்டா புத்துநோயா மாறலாம். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா காது நுனியை அறுவை செஞ்சு எடுத்துக் காப்பாத்த முடியும். ஆறாத பொருக்கு இருந்தா எண்ணெய்ப் பாட்டிலைத் தூர வச்சுட்டு மருத்துவர்கிட்ட தூக்கிக்கிட்டுப் போங்க. பெரிய சிகிச்சை வேணும்னா திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. தூரம்தான், ஆனாலும் போக வேண்டிய நேரத்துல போயிடணும்.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை ஏறிப் போயிடும், பூனைக்குன்னு சங்காயம், அதாவது கழிச்சுப் போடுற பொடி மீன்கூட மிஞ்சாது. வீட்டுல மிஞ்சுன சோறு, பால், கருவாட்டுத் துண்டு, பிஸ்கட். அந்த மாசங்கள்லதான் பூனை முடி சொரசொரன்னு, நிறம் மங்கித் தெரியுது. வெயில் காலம், உடம்புச் சூடுன்னு சொல்லி எண்ணெய் வாங்குறாங்க. முடி கிட்டத்தட்ட முழுக்கப் புரதத்தால ஆனது. பூனை கறி தின்னியே தவிர சோறு தின்னி இல்ல. புரதம் குறைஞ்சா முதல்ல முடியும் தோலும்தான் அடி வாங்கும். அந்த மாசங்கள்ல அவிச்ச முட்டை, அவிச்ச கோழி, முடிஞ்சா பூனைக்குன்னே தயாரிச்ச முழுத்தீவனம், இதுக்குக் காசைச் செலவு பண்ணுங்க. கருவாட்டுல உப்பும் அதிகம், அதுல இருக்குற கொழுப்பும் காத்துப் பட்டுக் கெட்டிருக்கும். அது வேண்டவே வேண்டாம்.

இப்ப எண்ணெய்க்கு வர்றேன். தேங்காய் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் இங்க மீன் எண்ணெய்க்கு ஈடாகாது. ஆளிவிதையில இருக்குற ஒமேகா-3 கொழுப்பை மீன் எண்ணெயில இருக்குற இபிஏ, டிஎச்ஏங்குற வடிவத்துக்கு மாத்துற திறன் பூனை உடம்புல ரொம்பக் குறைவு. நேரா மீன்ல இருந்து வந்தாத்தான் பலன். வல்லத்துக்கு, அதாவது மரப்படகுக்குப் பூச வாங்கி வச்ச மீன் எண்ணெயில கொஞ்சம் ஊத்துறவங்களும் இருக்காங்க. அது பலகைக்குப் பூசுறது, வாயில போடுறதுக்கு இல்ல. ஈரல்ல எடுத்த எண்ணெயும் கூடாது. காட் லிவர் மாத்திரையில, சுறா ஈரல் எண்ணெயில வைட்டமின் ஏ மிக அதிகம். அது உடம்புல சேர்ந்துக்கிட்டே போய்க் கழுத்தெலும்பு இறுகி ஒட்டிக்கும். கழுத்து திரும்பாத பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் பண்ண முடியாது. பளபளப்புக்குன்னு குடுத்த எண்ணெயே முடியைச் சடை பிடிக்க வச்சிடும்.

நல்ல மீன் எண்ணெய் எப்ப உதவும்? தெள்ளு இல்ல, பூஞ்சை இல்ல, குடல்புழு மருந்து குடுத்தாச்சு, அப்படியும் ஒவ்வாமை அரிப்பு தொடருதுன்னு மருத்துவர் சொன்னா அப்ப உதவும். இபிஏ தோல்ல அழற்சியைக் கிளப்புற பொருள்களைக் குறைக்கும். ஸ்டீராய்டு அளவைக் குறைக்க வழி கிடைக்கலாம். பலன் தெரிய ஆறு, எட்டு வாரமாவது ஆகும். ஒரே வாரத்துல முடி மின்னும்னு யாராவது வித்தா நம்பாதீங்க. பாட்டில்ல 1000 மில்லிகிராம்னு போட்டிருந்தா அது எண்ணெயோட மொத்த எடை. சாதாரண மனுச மாத்திரை ஒண்ணுல இபிஏ 180, டிஎச்ஏ 120 மில்லிகிராம்தான் இருக்கும். மருத்துவர்கிட்ட அளவு கேட்கும்போது இந்த ரெண்டு நம்பரையும் காட்டிக் கேளுங்க. கூட வைட்டமின் ஈ சேர்ந்திருக்கான்னும் பாருங்க. ஒரு டீஸ்பூன் எண்ணெய் கிட்டத்தட்ட 40 கலோரி. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 200, 250 தான். அள்ளி ஊத்துனா பூனை கொழுத்துப் போகும், வயித்தாலயும் போகும். அறுவை சிகிச்சை நடக்கப் போற பூனைக்குக் குடுக்குறதா இருந்தா முன்கூட்டியே மருத்துவர்கிட்ட சொல்லிடுங்க, ரத்தம் உறையுறது தாமதமாகலாம்.

நம்ம ஊர் வெயில்ல கடை முன்னாடி கண்ணாடிக்குள்ள காயுற பாட்டிலை வாங்காதீங்க. வாங்கினா அடர்நிறப் பாட்டிலா, சின்ன அளவா வாங்கி ஃபிரிட்ஜுல வைங்க. மாத்திரையைக் குத்திப் பார்த்து, காரலான நாத்தம் அடிச்சா தூக்கிப் போடுங்க.

குடுக்கும்போது வாயைத் திறந்து ஊத்தாதீங்க. எண்ணெய் தொண்டையில இருமல் கிளப்பாமலே நுரையீரலுக்குள்ள இறங்கிடும். சாப்பாட்டுல கலந்து வைங்க, ஒரு சொட்டுல ஆரம்பிங்க. வாசனை பிடிக்காம தட்டை விட்டு ஒதுங்குனா எண்ணெயை நிறுத்திடுங்க. பூனை ரெண்டு நாள் பட்டினி கிடந்தாலே ஈரல் கெட ஆரம்பிச்சிடும்.