ஆயுதம் வைத்திருப்பவர் குறுக்கிட வேண்டுமா?

2021 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆர்வாடா நகரில், காவலர் ஒருவரைச் சுட்டுக்கொன்ற கொலையாளியை, பக்கத்துக் கடையிலிருந்து ஓடிவந்த 40 வயதுக் குடிமகன் ஒருவர் தம் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். வீழ்ந்தவனின் ஏஆர்-15 துப்பாக்கியை அவர் கையில் எடுத்த வேளையில், இன்னொரு காவலர் அவரையே கொலையாளி என்று கருதிச் சுட்டதில் அவரும் இறந்தார். அவரை வீரர் என்று போற்றிய அரசு வழக்கறிஞர், அந்தக் காவலர் மீது வழக்குத் தொடர முடியாது என்றும் முடிவு செய்தார். இரண்டுமே சரியாக இருக்கக்கூடும் என்பதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது.

குறுக்கிடுவோரின் துணிச்சலை நான் ஒருபோதும் ஐயுற்றதில்லை. ஆனால் கூச்சலும் ஓட்டமுமான அந்தச் சில நொடிகளில் கொலையாளி யார், காப்பாற்ற வந்தவர் யார் என்பதை எவர் அறிவார்? 2011இல் அரிசோனாவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டபோது, கொலையாளியின் துப்பாக்கியைப் பறித்து வைத்திருந்தவரையே, துப்பாக்கியோடு உதவிக்கு ஓடிவந்த இளைஞர் ஒருவர் கொலையாளி என்று நினைத்துவிட்டார். சுடாமல் அவருடைய மணிக்கட்டைப் பற்றியதால் ஓர் அப்பாவியின் உயிர் தப்பியது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2022 ஜூலையில் இந்தியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில் 3 பேரைக் கொன்றவனை, 22 வயது இளைஞர் ஒருவர் 15 நொடிகளுக்குள் சுட்டு வீழ்த்தினார். அவர் இல்லாதிருந்தால் சாவு எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

ஆயினும் இத்தகைய நிகழ்வுகள் அரிதானவை. 2000 முதல் 2013 வரை நடந்த 160 துப்பாக்கித் தாக்குதல்களை ஆராய்ந்த அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., அவற்றுள் 21ஐ ஆயுதமற்ற மக்களே தடுத்து முடித்ததாகவும், காவல்துறையைச் சாராத ஆயுததாரிகள் சுட்டு முடிவுக்கு வந்தவை 5 மட்டுமே என்றும் பதிவு செய்தது; அந்த ஐந்திலும் நான்கில் சுட்டவர்கள் பாதுகாப்புப் பணியாளர்கள்.

எனவே, கொலையாளி கண்ணெதிரே நின்று சுடும்போது, அவனுக்குப் பின்னால் வேறு உயிர் இல்லை என்பதும் உறுதியானால், ஆயுதம் உள்ளவர் சுடுவதை நான் ஏற்கிறேன். சத்தம் வந்த திசையில் அவனைத் தேடிப் போவதையோ, ஆபத்து நீங்கிய பிறகும் துப்பாக்கியை ஏந்தி நிற்பதையோ என்னால் ஏற்க இயலாது. அதைவிட, இத்தனை நுட்பமான முடிவை ஒருவர் நொடியில் எடுப்பார் என்று நம்பிக்கொண்டு, உரிமமும் பயிற்சியும் இன்றித் துப்பாக்கி ஏந்த டெக்சாஸ், இந்தியானா போன்ற மாநிலங்கள் அனுமதித்திருப்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன்.