149 ரூபாய் பிளான் 299 ஆன கதை

ரீசார்ஜ் விலை ஏறும்போதெல்லாம் "ஜியோ வரலைன்னா இன்னும் ஒரு ஜி.பி.க்கு 200 ரூபாய்க்கு மேல அழுதுக்கிட்டு இருப்பீங்க"ன்னு ஒரு கமெண்ட் கட்டாயம் வரும். உண்மைதான், மறுக்கலை. ஆனால் அது பாதிக் கதை.

ஒரே பிளானை எடுத்துக்கொள்வோம். தினம் 1.5 ஜி.பி., 28 நாள். ஜியோவில் 2018 தொடக்கத்தில் 149 ரூபாய். 2019 டிசம்பரில் 199. 2021 டிசம்பரில் 239. 2024 ஜூலையில் 299. (28 நாளை மாசமாக்கி, வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் போட வைத்த மூளைக்கு ஒரு கும்பிடு.) 2024-ல் ஏற்றியபோது, ஜியோ அறிவித்த மறுநாளே ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்துவிட்டன. பேசி வைத்துக்கொண்டார்களா? பேசவே வேண்டாம். பெரிய தனியார் கம்பெனி மிச்சமிருப்பதே மூன்று. ஒருவர் ஏற்றினால் மற்ற இருவருக்கும் அதுதான் சிக்னல்.

2016 செப்டம்பரிலிருந்து 2017 மார்ச் வரை ஜியோ இலவசம். அடக்க விலைக்குக் கீழே விற்றுப் போட்டியை ஒழிக்கிறார்கள் என்று ஏர்டெல், சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையத்துக்குப் போனது. 2017 ஜூனில் புகார் தள்ளுபடி. காரணம் எளிமையானது: ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவில் சிக்க, அந்த நிறுவனம் சந்தையில் ஏற்கெனவே ஆதிக்கத்தில் இருக்க வேண்டும். ஜியோவின் பங்கு அப்போது 7 சதவீதத்துக்கும் கீழே.

எனக்கு உறுத்துவது இங்கேதான். ஆதிக்கத்தைப் பிடிக்கத்தான் ஒருவன் நட்டத்துக்கு விற்கிறான். பிடிக்கும்வரை அவன் சின்ன ஆள், சட்டம் தொடாது. பிடித்த பிறகு விலையை ஏற்றிவிடுவான், அப்புறம் 'அடக்கத்துக்குக் கீழே' என்ற பேச்சே கிடையாது.

அதற்காக ஆணையத்தைத் திட்டவும் மனசு வரலை. புதுசாக வருகிறவன் நட்டப்படாமல் எப்படி நுழைவான்? அவன் விலை குறைப்பதைத் தடுத்தால் லாபம் பழைய பெருச்சாளிகளுக்குத்தான். புகார் கொடுத்த ஏர்டெல்லும் ஒன்றும் பெட்டிக்கடை இல்லையே. 2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் தன் பங்குக்கு ஒரு விதி போட்டது: 'அடக்கத்துக்குக் கீழே விற்காதே' என்பதற்கு 30 சதவீதப் பங்காவது இருப்பவர் மட்டும் கட்டுப்பட வேண்டும் என்று. அந்த டிசம்பரிலேயே தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது.

இடைப்பட்ட நேரத்தில் நம்ம ஊரில் என்ன நடந்தது? 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தது. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த கம்பெனி. அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாற 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும், அனுப்ப டவரே இல்லை. பேங்க் ஓ.டி.பி. வராது, கேஸ் புக் பண்ண முடியாது. அப்படி மாறத் தேவையான போர்ட் கோடுக்காக ஏர்செல் ஆபீஸ் வாசல்களில் கூட்டம் முண்டியடித்தது. ஜியோ மட்டுமே ஏர்செல்லைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். கழுத்து வரை கடன், அனில் அம்பானியின் ஆர்.காமோடு (ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ்) பேசிய இணைப்பும் 2017-லேயே முறிந்துவிட்டது. ஆனால் கடனில் தத்தளிக்கிறவனும், தாய்க் கம்பெனி ரிலையன்ஸின் எண்ணெய் சுத்திகரிப்புப் பணத்தில் மாதக்கணக்காக இலவசம் தருகிறவனும் மோதினால் யார் நிற்பார் என்பதற்கு ஆணையம் தேவையில்லை. மூலதனத்தின் ஆழத்தை விட்டுவிட்டுச் சந்தைப் பங்கை மட்டும் அளந்தது தப்பு என்பது என் கட்சி.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 4-வது பிரிவு தனி நிறுவனத்தையோ, ஒரே முதலாளியின் கீழ் உள்ள குழுமத்தையோதான் பார்க்கும். மூன்று தனித்தனிக் கம்பெனிகள் சேர்ந்து சந்தையை வைத்திருந்தால் அதற்குக் கணக்கில் வராது. 2012 திருத்த மசோதாவில் "தனியாகவோ கூட்டாகவோ" என்று சேர்க்கப் பார்த்தார்கள், மசோதா காலாவதியானது. 2023-ல் சட்டத்தைத் திருத்தியபோதும் அதைச் சேர்க்கவில்லை.

2025-ல் பத்து நிமிட டெலிவரிக்காரர்கள் மீது நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் அதே அடக்க விலைப் புகாரோடு ஆணையத்துக்குப் போனார்கள். பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், செப்டோ. இதில் யாருக்கு ஆதிக்கம் என்றுதான் முதல் கேள்வி வரும். தெருமுனை அண்ணாச்சி அதற்குப் பதில் வரும்வரை கடையைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.