பச்சை முக்கோணம் சொல்லாதது

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் ஆடி மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால், உருளைக்கிழங்குச் செடி கருகுவதற்கு இரண்டு மூன்று நாள் போதும் என்பதால், அந்த மாதங்களில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மேன்கோசெப் மருந்து ஓய்வதே இல்லை. போன வாரம் என் சித்தி நீல டிரம்மில் அந்த மஞ்சள் தூளைக் கொட்டி, முழங்கை வரை வெறுங்கையை விட்டுக் கலக்கினார். நகக்கண்ணெல்லாம் தூள் அப்பியிருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, அதே கையால் வர்க்கியை உடைத்துப் பேத்திக்கு ஊட்டினார். நான் பதறியதும் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டினார்: "பச்சை முக்கோணம்தானே போட்டிருக்கு? பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து நம்மள என்ன பண்ணும்?"

சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். அவரை நம்ப வைத்தது அந்த நிறம். பயிர் மருந்துப் பொட்டலங்களில், கடும் நஞ்சுக்குச் சிவப்பில் தொடங்கி, மிகக் குறைந்ததற்குப் பச்சையில் முடியும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை, எவ்வளவு உடம்பில் ஏறினால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்ற கணக்கை வைத்துப் போடப்படுவது. ஒரே நாளில் கொல்லாத நஞ்சு, இருபது வருடம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் மூளையை என்ன செய்யும் என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

மேன்கோசெப்பில் மாங்கனீசு இருக்கிறது. மாங்கனீசுத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு நடை தள்ளாடியதையும் பேச்சு குழறியதையும் கூப்பர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1837ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். மேன்கோசெப்புக்கு மிக நெருங்கிய மேனெப் என்ற பூஞ்சைக்கொல்லியைப் பாராகுவாட் களைக்கொல்லியோடு சேர்த்துச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிட மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள் கூடுதலாகச் சிதைந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2000இல் கண்டார்கள். கலிபோர்னியாவில் இவ்விரண்டும் தெளித்த வயல்களுக்கு 500 மீட்டருக்குள் குடியிருந்தவர்களிடம் அந்த நரம்புகள் அழிவதால் கை நடுங்கி நடை தளரும் பார்க்கின்சன் நோய்க்கான ஆபத்து சுமார் 75 சதவீதம் கூடுதலாக இருந்ததாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. மேன்கோசெப்பே அந்த நோயைத் தருகிறது என்பதற்கு இவை நேரடிச் சான்று ஆகா. ஆனால் வெறுங்கையால் கலக்கலாம் என்ற துணிச்சலைப் போக்க இவ்வளவு போதும்.

என்னை அதைவிட அதிகமாகக் கவலைப்பட வைப்பது கருவில் இருக்கும் குழந்தை. இந்த மருந்து சிதையும்போது உண்டாகும் எத்திலீன் தயோயூரியா தைராய்டு சுரப்பியைத் தடுக்கக்கூடியது. முதல் சில மாதங்களில் சிசுவின் மூளை வளர்வதோ தாயின் தைராய்டு சுரப்பை நம்பித்தான். இனப்பெருக்கத்துக்குக் கேடு, சுரப்பிகளுக்குக் கேடு என்ற காரணங்களால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் இதற்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம் நம் மத்திய அரசு தடைசெய்ய முன்மொழிந்த 27 மருந்துகளிலும் இது இருந்தது. இறுதித் தடைப் பட்டியலில் இல்லை.

கருகல் வந்தால் கடனில் மூழ்கும் விவசாயியிடம் மருந்தை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொட்டலத்தில், முக்கோணத்துக்குப் பக்கத்திலேயே, கர்ப்பிணிகள் இதைத் தொடக் கூடாது என்று பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். சித்திக்கு முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவருடைய மருமகளுக்கு இப்போது மூன்றாம் மாதம்; மருந்து கலக்கும் பக்கம் அவளை வரவிட வேண்டாம் என்று சித்தப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன்.