திரைக்கு வயதாகவில்லை, உள்ளே இருக்கும் மென்பொருளுக்குத்தான் வயதாகிவிட்டது

போன வாரம் அம்மா வழக்கம்போல தொலைக்காட்சியைப் போட்டார். தினமும் பார்க்கும் செயலியைத் திறந்ததும், "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது" என்று ஒற்றை வரி வந்து நின்றது. அம்மா ரிமோட்டின் மூடியைத் திறந்து, பேட்டரிகளைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மறுபடியும் அழுத்தினார். மூன்று முறை. தான்தான் எதையோ மாற்றி அழுத்திவிட்டோம் என்று நினைத்துவிட்டார். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கி ஆறு ஆண்டுதான் ஆகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியைத் திரையருகே வைத்துப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று மெல்லிய கோடுகள் வரிசை பிசகாமல் ஒளிர்கின்றன. ஒரு புள்ளிகூட அணையவில்லை, மூலைகளில் வெளிச்சம் மங்கவில்லை. நிறுவனத்தை அழைத்துக் கேட்டால், அந்த மாடலுக்குப் புதுப்பிப்பு நின்றுவிட்டதாம், புதியது வாங்கிக்கொள்ள வேண்டுமாம். பழுதில்லாத திரையைத் தூக்கிப் போடச் சொல்வதற்கு எப்படி மனம் வருகிறது?

தொலைக்காட்சியின் எதிர்காலம் என்றாலே எல்லோரும் பேனலை, அதாவது படம் தெரியும் பலகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கும் பேனல் மீது தீராத காதல் உண்டு. 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சரும் ஜீன் ஸ்லாட்டோவும் ராபர்ட் வில்சனும் கணினிவழிக் கல்விக்காக, வாயு நிரப்பிய நுண் அறைகள் ஒளிரும் பிளாஸ்மாத் திரையை உருவாக்கினார்கள். அது வீட்டுச் சுவருக்கு வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வந்தபின் அதன் கறுப்பும் அசைவுகளின் தெளிவும் அன்றைய எல்சிடிக்கு எட்டாதவை. ஆனாலும் எல்சிடிதான் வென்றது. மின்சாரம் குறைவு, பகல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும், விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. 2013 இறுதியில் பானசோனிக் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியபோது, நல்ல படம் மட்டும் ஒரு தொழில்நுட்பத்தைக் காப்பாற்றாது என்று புரிந்தது.

இழந்த அந்தக் கறுப்பை ஓஎல்இடி மீட்டுக் கொடுத்தது. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் வெளியிட்ட ஆய்வுதான் அதன் வேர். எல்சிடியில் பின்னால் எரியும் பேக்லைட்டைப் புள்ளிகள் மறைக்க வேண்டும்; எவ்வளவு மறைத்தாலும் கொஞ்சம் கசியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. 2007-இல் சோனி கொண்டுவந்த 11 அங்குல ஓஎல்இடி தொலைக்காட்சியின் திரை வெறும் 3 மில்லிமீட்டர் தடிமன். இப்போது எல்சிடியின் பேக்லைட்டிலேயே மூன்று நிறங்களையும் தனித்தனி எல்இடிகளாக வைக்கிறார்கள். அடுத்து மைக்ரோஎல்இடி என்கிறார்கள். குறுக்கே ஏறத்தாழ நாலாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு 4கே திரைக்குச் சுமார் இரண்டரைக் கோடி நுண் எல்இடிகளை இடம் பிசகாமல் பதிக்க வேண்டும். அது சாதாரண வீட்டுக்கு வர இன்னும் வெகுகாலம் ஆகும் என்றே நினைக்கிறேன்.

குறுக்கே அதைப்போல இரண்டு மடங்கு புள்ளிகள் கொண்ட 8கே எனக்குத் தேவையில்லை. 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். 4கே என்றால் அதில் குறுக்கே 3,840 புள்ளிகள், ஒரு புள்ளி ஏறத்தாழ 0.32 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். கணக்குப் போட்டால், 1.1 மீட்டருக்கு அப்பால் அமர்ந்தாலே 4கே புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதைவிட நுணுக்கமான 8கேயின் பலனை முழுதாகக் காண, மூக்கு திரையில் இடிக்கும் தூரத்தில் உட்கார வேண்டும். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 2018 டிசம்பரிலேயே 8கே ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. அந்தப் பொறியியலை மதிக்கிறேன். நம் வீட்டு அறைக்கு அது பயன்படாது. முப்பரிமாணக் கண்ணாடியும் வளைந்த திரையும் இப்படித்தான் ஆரவாரமாக வந்து ஓசையின்றிப் போயின.

ஆகவே படத்தைப் பொறுத்தவரை நமக்குத் தேவையானது பெரும்பாலும் கிடைத்துவிட்டது. இனிமேல் கேட்க வேண்டிய கேள்வி, காசு கொடுத்து வாங்கிய திரை யாருடையது என்பதுதான். இன்றைய ஸ்மார்ட் தொலைக்காட்சிகள் பலவற்றில் நீங்கள் பார்ப்பதை அடையாளம் காணும் ஏற்பாடு இருக்கிறது. திரையில் ஓடும் காட்சியிலிருந்து சில புள்ளிகளை எடுத்துப் நிகழ்ச்சிகளின் பெரிய தொகுப்போடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இப்போது இன்னது ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும். இதை ஒப்புதல் இல்லாமல் 1.1 கோடித் தொலைக்காட்சிகளில் செய்ததாக எழுந்த வழக்கில், 2017-இல் தொலைக்காட்சி விற்கும் விசியோ நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்டி அமெரிக்க அரசுத் தரப்புடன் சமரசம் செய்துகொண்டது. விற்றுவிட்ட பொருளிலிருந்து விளம்பரமும் தகவலுமாக மாதாமாதம் வருமானம் வரும் என்றால், உங்கள் முகப்புத் திரையை அவர்கள் எப்படி உங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்றபின்னும் 8 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும்; முக்கிய உதிரிபாகங்கள் 7 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும். நல்ல தொடக்கம். இது எல்லா நாடுகளுக்கும் வர வேண்டும். ஆனால் செயலியை நடத்தும் நிறுவனம் கைவிட்டுப் போனால் இந்த விதியும் உதவாது. அதனால் நான் கேட்பது இரண்டு. எந்த ஆண்டுவரை புதுப்பிப்பு வரும் என்பதைப் பெட்டியின் மேல், திரை அளவை அச்சிடும் அதே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். இணையத்தில் இணைக்காமல், கணக்குத் தொடங்காமல், வெறும் திரையாக மட்டும் இயங்கும் வசதி ஒவ்வொரு தொலைக்காட்சியிலும் இருக்க வேண்டும். செயலிகளை இயக்கும் மூளை வேண்டுமென்றால் தனிப் பெட்டியாக வாங்கி, வெளியிலிருந்து படமும் ஒலியும் வரும் எச்டிஎம்ஐ துளையில் செருகிக்கொள்கிறோம். அது கிழடானால் அதை மட்டும் மாற்றுவோம்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. திரையை மெலிதாக்கும் வெறியில் ஒலிபெருக்கிகளைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் திருப்பிவிட்டார்கள். வசனம் கேட்கவில்லை என்று பெரியவர்கள் சொல்வது காதின் குறை மட்டுமல்ல. இரண்டு விரல் தடிமன் கூடுதலாகக் கொடுத்து, பேச்சு தெளிவாகக் கேட்கும்படி செய்தால் நான் அதைத்தான் வாங்குவேன்.

நேற்று ஒரு சிறிய பெட்டியை வாங்கி எச்டிஎம்ஐயில் செருகினேன். தொலைக்காட்சியின் இணைய இணைப்பைத் துண்டித்தேன். அம்மாவின் செயலி திறந்தது, படம் முதல் நாள் பார்த்த அதே தெளிவில் வந்தது. அம்மா பழைய ரிமோட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்போ இதுல ஒண்ணும் கோளாறு இல்லையா?" என்று கேட்டார்.