ஆண்டுக்கு எத்தனை கிரகணங்கள்?

கிரகணம் வருகிறதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே "நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வரும் அபூர்வ கிரகணம்" என்ற தலைப்போடு காணொளிகள் நம் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. எந்தெந்த நட்சத்திரக்காரர்கள் பரிகாரம் செய்துகொள்ள வேண்டும் என்ற பட்டியலும் கூடவே வருகிறது. தர்மபுரிப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலிருந்து கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி வரை அன்றைக்கு அதுதான் பேச்சு. இந்த அபூர்வக் கதைகளில் பெரும்பாலானவை கணக்குக்கு முன்னால் நிற்காதவை என்பது என் கருத்து.

ஓர் ஆண்டில் சூரிய கிரகணம் குறைந்தது இரண்டு முறையாவது நிகழ்ந்தே தீரும். அதிகபட்சம் ஐந்து வரை போகலாம் என்றாலும் அது உண்மையிலேயே அரிது. கடைசியாக 1935இல் அப்படி நடந்தது, இனி 2206இல்தான் நடக்கும். சந்திர கிரகணமும், சந்திரன் பூமியின் மங்கலான வெளிநிழலில் மட்டும் புகுவதால் கண்ணுக்குப் புலப்படாத புறநிழல் கிரகணங்களையும் சேர்த்தால், ஆண்டுக்கு இரண்டு முதல் ஐந்து வரை வரும். இரண்டையும் கூட்டினால் நான்குக்குக் குறையாது, ஏழைத் தாண்டாது. இந்த நூற்றாண்டு முழுவதற்கும் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள்: சூரிய கிரகணங்கள் 224, அவற்றுள் முழு கிரகணங்கள் 68, சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணங்கள் 72.

அமாவாசைதோறும் சூரிய கிரகணம் வராததற்குக் காரணம், சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதுதான். அந்தச் சாய்ந்த பாதை தளத்தை வெட்டும் இரு புள்ளிகளைத்தான் நம் முன்னோர் ராகு, கேது என்றார்கள். அப்புள்ளிகளில் ஒன்றின் அருகே சூரியன் இருக்கும் ஐந்து வார காலத்துக்குள் வரும் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே கிரகணம் கூடும். அந்தக் காலம் ஏறக்குறைய 173 நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. ஆகவே ஒரு சந்திர கிரகணத்துக்கு இரண்டு வாரம் முன்போ பின்போ ஒரு சூரிய கிரகணம் வருவதைத் தீய சகுனம்போலச் சொல்வது வீண். அது அப்படித்தான் வந்தாக வேண்டும்.

அரிது என்ற பேச்சுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. சந்திர கிரகணத்தை, அந்நேரம் இரவாக இருக்கும் பாதி உலகமே பார்த்துவிடுகிறது. 2025 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு 82 நிமிடம் நீடித்த முழு கிரகணம் இந்தியா முழுமைக்கும் உரியதாக இருந்தது. முழு சூரிய கிரகணத்தின் நிழலோ நூறு, இருநூறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையாக ஓடிவிடுவதால், குறிப்பிட்ட ஓர் ஊருக்கு அது திரும்பி வரச் சராசரியாக 350 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1871 டிசம்பர் 12 அன்று நீலகிரி, புதுக்கோட்டை வழியாக அப்பட்டை போனது. கங்கண கிரகணத்திலும் நமக்கு அதிர்ஷ்டமில்லை: 2010இல் கன்னியாகுமரியும் இராமேசுவரமும் பெற்றன, 2019 டிசம்பர் 26இல் கோவையும் திண்டுக்கல்லும் பெற்றன, நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பட்டைக்கு வடக்கே நின்றுவிட்டன. ஆனாலும் அன்று காலை ஒன்பதரை மணிவாக்கில் புளிய மரத்தடியில் நின்றவர்கள், இலை இடுக்குகளின் வழியே விழுந்த வெயில் வட்டங்களெல்லாம் தரையில் நூற்றுக்கணக்கான பிறைகளாக மாறியிருந்ததைப் பார்த்திருக்கலாம். பல வீடுகளில் அந்நேரம் கதவைச் சாத்திக்கொண்டு, கிரகணத்தின்போது மட்டுமே உலக்கை தானாக நிற்கும் என்று நம்பி, தாம்பாளத்து நீரின் நடுவே உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பூண் தேயாத உலக்கையும் மட்டமான தரையும் பொறுமையான கையும் இருந்தால், எந்தச் செவ்வாய்க்கிழமையிலும் அது நிற்கும்.

2018 ஜனவரி 31 சந்திர கிரகணத்தை "152 ஆண்டுகளுக்குப் பின்" என்று ஊடகங்கள் கொண்டாடின. ஒரே மாதத்தின் இரண்டாம் பௌர்ணமியில் முழு கிரகணம் வருவது அமெரிக்கக் கண்டத்துக்கு 1866க்குப் பிறகு அதுதான் முதல்முறை; ஆசியப் பக்கத்துக்கோ அதே சேர்க்கை 1982 டிசம்பர் 30ஆம் தேதியே வந்து போயிருந்தது. எங்கோ ஒரு தேசத்துக்குப் பொருந்திய கணக்கைப் பாலக்கோட்டுக்கும் ஊத்தங்கரைக்கும் அப்படியே படித்துக் காட்டினார்கள்.

பஞ்சாங்கத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தியாவில் தெரியாத கிரகணத்தைத் தெரியாது என்றே அச்சிடும் நேர்மை பஞ்சாங்கத்துக்கு இருக்கிறது. அண்டார்டிகாவில் தெரியும் கிரகணத்துக்கு இங்கே பரிகாரம் சொல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குத்தான் அது இல்லை. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை வெறும் நான்கு நிமிடம். முடிவு நேரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிசகியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கை இயலச் செய்வது கிரகணங்களின் ஒழுங்கு. 18 ஆண்டு 11 நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே கிரகணம் திரும்ப வருகிறது. மிச்சமுள்ள எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் வேறு நாட்டில் விழுகிறது. 1955 ஜூன் 20 அன்று இலங்கையைக் கடந்த முழு கிரகணம், ஆப்பிரிக்காவையும் மெக்சிகோவையும் சுற்றிவிட்டு, 2009 ஜூலை 22 அன்று சூரத்துக்கும் பாட்னாவுக்கும் வந்தது. அதே வரிசையின் அடுத்த கிரகணம் 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தை இருளாக்கும். நமக்குப் பிற்பகலில் ஒரு பகுதி மட்டும் மறையும்.

2031 மே 21, புதன்கிழமை, நண்பகலையொட்டி ஒரு கங்கண கிரகணம் கேரளத்தையும் தென் தமிழ்நாட்டையும் கடக்கும். பட்டை இம்முறையும் நம் ஊர்களைத் தொடாது. கோடை விடுமுறைக் காலம் என்பதால், இரவுப் பேருந்தில் பிள்ளைகளைத் தெற்கே அழைத்துப் போய், தரமான சூரிய வடிகட்டிக் கண்ணாடியோடு நிற்க வைப்பதற்குப் பெற்றோருக்கு இப்போதிலிருந்தே போதுமான அவகாசம் இருக்கிறது.